கை சும்மா இருக்கும்போது: மேடையில் உருவாகும் இசையும் மென்பொருள் தேர்வும்

'எந்த சாஃப்ட்வேர் நல்லது?' என்று என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். ஏபிள்ட்டன் லைவ் வாங்கலாம் என்றிருக்கிறேன், சரிதானே? மேக்ஸ் ரொம்பக் கஷ்டமாமே? மேடையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறார்களாமே, அதெல்லாம் இசையா? கேள்வி ஒரு பொருளைப் பற்றியது போலத் தோன்றினாலும் உள்ளே இருப்பது வேறு. அந்தந்தக் கணத்தில் இசையை உருவாக்க விரும்புகிற ஒருவர், தான் எடுக்க வேண்டிய தீர்மானங்களில் எவற்றை முன்கூட்டியே இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு மேடை ஏறத் தயாராக இருக்கிறார் என்பதே அது. இசை மென்பொருள் ஒவ்வொன்றும், அதை எழுதியவர்கள் 'இசை என்றால் இப்படித்தான் இருக்கும்' என்று என்றோ எடுத்த தீர்மானங்களின் கிடங்கு. வீணையில்கூட மெட்டு இருக்கிறதே, அதுவும் யாரோ எடுத்த தீர்மானம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் வீணையின் மெட்டு கண்ணுக்குத் தெரிகிறது. தந்தியை இழுத்து அதை மீறவும் முடிகிறது. மென்பொருளின் மெட்டுகள் மெனுக்களுக்குள் ஒளிந்திருக்கின்றன. பல சமயம் அவை இருப்பதே வாசிக்கிறவருக்குத் தெரிவதில்லை.

முதலில் ஒரு சொல் பிரச்சினை. இம்ப்ரொவைசேஷன் என்பதற்கு உடனே மனோதர்மம் என்று போட்டுவிடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. மனோதர்மம் ஒரு இலக்கணத்துக்குள் நடப்பது. ராகம் கொடுக்கப்பட்டிருக்கிறது, தாளம் கொடுக்கப்பட்டிருக்கிறது, எந்த வரியில் நிரவல் செய்வது என்பதுகூடப் பெரும்பாலும் வழக்கம் சொல்லிக்கொடுத்தது. ஆங்கிலேய கிதார்க் கலைஞர் டெரெக் பெய்லி போன்றவர்கள் 1960களிலிருந்து வாசித்த இசையில் அப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் முன்கூட்டி இல்லை. ஆனாலும் பெய்லி 1980இல் எழுதிய புத்தகத்தில் இந்திய இசையையும் ஃபிளமெங்கோவையும் தேவாலய ஆர்கனையும் ஜாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பேசினார். அவரைப் பின்பற்றி நானும் இக்கட்டுரையில் இம்ப்ரொவைசேஷன் என்றே எழுதுகிறேன். இலக்கணம் இருக்கலாம், இல்லாமல் போகலாம்; அடுத்து வரப்போவது இப்போதுதான் தீர்மானமாகிறது என்பது மட்டும் இருக்க வேண்டும்.

இதற்கு நான் வைத்திருக்கிற சோதனை ரொம்பச் சாதாரணமானது. மென்பொருளைத் திறந்து, இயக்கிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். என்ன நடக்கிறது என்று கேளுங்கள். வயலின்காரர் வில்லை எடுத்தால் சத்தம் நிற்கிறது. நாகஸ்வரக்காரருக்கு மூச்சு வேண்டும். அங்கே உடம்பு ஓய்ந்தால் மௌனம். ஆகவே ஒலிக்கிற ஒவ்வொரு கணமும் யாரோ செய்துகொண்டிருக்கிற காரியம். இயந்திரம் இந்தப் பிணைப்பை அறுத்துவிட்டது. அறுத்த இடத்தில் என்ன வைத்தது என்பதில்தான் ஒரு மென்பொருளுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு முழுக்க அடங்கியிருக்கிறது எனலாம்.

கியூபேஸ், ப்ரோ டூல்ஸ் வகையறாவைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். அவை ஒலிநாடாவின் வாரிசுகள். இடமிருந்து வலமாக ஒரு கோடு ஓடுகிறது. கை சும்மா இருந்தால் ஏற்கெனவே பதிந்தது கடைசிவரை ஓடி நிற்கும். காலம் அங்கே ஒரு தெரு. அதில் வீடுகள் ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டன. ஸ்டுடியோ வேலைக்கு அதைவிட வசதி கிடையாது, மேடை இம்ப்ரொவைசேஷனுக்கு அது பொருத்தமில்லை. இதே வகையைச் சேர்ந்த ஆப்பிளின் லாஜிக், 2020இல் வந்த பதிப்பில் ஓடும் கோட்டுக்குப் பக்கத்தில் கட்டம்கட்டமான இன்னொரு பக்கத்தைச் சேர்த்துக்கொண்டது. அது எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம்.

பெர்லினில் கெர்ஹார்ட் பேலஸ், ராபர்ட் ஹென்கே என்ற இருவர் 'மோனோலேக்' என்ற பெயரில் டெக்னோ இசை செய்துகொண்டிருந்தார்கள். தங்கள் மேடைக்கு வேண்டிய கருவிகளை மேக்ஸ் என்ற மென்பொருளில் அவர்களே செய்துகொண்டார்கள். அந்த அனுபவத்திலிருந்து, 1999இல் தொடங்கப்பட்ட ஏபிள்ட்டன் கம்பெனி மூலம், 2001இல் வெளிவந்தது லைவ். அதன் முக்கியப் பக்கத்தில் ஓடும் கோடு இல்லை. சதுரங்கப் பலகை போலக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிறு ஒலித்துண்டு. எந்தக் கட்டத்தை எப்போது தட்டுவது என்பது வாசிக்கிறவர் இஷ்டம். தெரு போய் மைதானம் வந்தது. இது சின்ன மாற்றமல்ல. இசையின் வரிசை முன்கூட்டி எழுதப்பட வேண்டியதில்லை என்பதை ஒரு சந்தைப் பொருள் முதல்தடவையாகப் பெரிய அளவில் நடைமுறையாக்கியது என்றே சொல்வேன்.

சரி, கை சும்மா இருந்தால்? தட்டிய துண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் அது பாட்டுக்குச் சுற்றும். லைவின் மெய்யான அடிப்படைத் தீர்மானம் இதுதான்: ஒலி இயல்பானது, நிறுத்துவதற்குத்தான் காரியம் செய்ய வேண்டும். நடன அரங்கிற்கு இது மிகச் சரி. ஆடுகிறவர்களுக்குத் தளம் அசையாமல் இருக்க வேண்டும். ஆனால் ஒரு வயலினோடோ பறையோடோ உட்காரும்போது, நிற்கவே நிற்காத ஒரு கூட்டாளி என்ன செய்வார்? மற்றவர்களைத் தன் பின்னால் வரவைப்பார். அவர் சத்தம்போட்டு அதிகாரம் செய்வதில்லை. நிற்பதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

இன்னொரு மெட்டு ஒளிந்திருக்கிற இடத்தையும் காட்ட வேண்டும். லைவைப் புதிதாகத் திறந்தால் நிமிஷத்துக்கு 120 தட்டு, நாலுக்கு நாலு தாளம் என்று வைத்துக்கொண்டு திறக்கும். ஒரு கட்டத்தைத் தட்டினால் அது உடனே ஒலிக்காது; அடுத்த சுற்றின் தொடக்கம் வரை காத்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த வேகத்தில் ஒரு சுற்று 2 விநாடி. ஆக, உங்கள் கை தட்டியதற்கும் காது கேட்பதற்கும் இடையில் 2 விநாடி வரை போகலாம். நல்ல எண்ணம்தான், தப்பான இடத்தில் தட்டினாலும் சரியான இடத்தில் விழட்டும் என்று. ஆனால் 2 விநாடியில் தனி ஆவர்த்தனத்தில் எவ்வளவோ நடந்து முடிந்துவிடுகிறது. எதிராளி வீசியதற்குப் பதில் சொல்லும் கணம் போயே போச்சு. இந்தக் காத்திருப்பை மெனுவில் ஒரே ஒரு இடத்தில் ரத்து செய்யலாம். செய்தால் தாளத்தில் விழவைக்கும் பொறுப்பு உங்கள் விரலுக்கு வந்துவிடும். நான் பார்த்த அளவில் அதை ரத்து செய்கிறவர்கள் குறைவு. அந்தப் பொறுப்பை விரலுக்குத் திருப்பிக் கொடுத்த மறுநிமிஷம் லைவ் வேறொரு வாத்தியமாகிவிடுகிறது என்பதை அவர்கள் ஒருமுறையாவது கேட்டுப் பார்க்கலாம்.

நீளமான பதிவு எதை உள்ளே போட்டாலும் அதற்கு ஒரு தட்டு வேகம் இருப்பதாக ஊகித்து, தன் கட்டத்துக்கு ஏற்ப இழுத்துப் பொருத்திக்கொள்வதும் லைவின் வழக்கம். தாளமே இல்லாத ஆலாபனையைப் போட்டால்கூட அதற்கும் ஒரு வேகத்தைக் கண்டுபிடித்துத் தரும்! இதையும் நிறுத்தலாம். நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அதுதான் சிக்கல். 2021இல் வந்த 11ஆவது பதிப்பில்தான், மைக்கில் வரும் வாசிப்பின் வேகத்தைக் கேட்டு மென்பொருள் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி வந்தது. அதுவரை, முதல் பதிப்பிலிருந்து இருபது வருஷம், மிருதங்கக்காரர்தான் காதில் டிக் டிக் சத்தத்தை மாட்டிக்கொண்டு இயந்திரத்தைப் பின்தொடர வேண்டியிருந்தது. யார் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்பது தொழில்நுட்பத் தகவல் மாதிரித் தெரியும். மேடையில் அது அதிகாரத்தைப் பற்றிய கேள்வி.

மேக்ஸுக்கு வருவோம். பாரிஸில் உள்ள இர்காம் ஆய்வு நிறுவனத்தில் 1980களின் நடுவில் மில்லர் பக்கெட் எழுதத் தொடங்கியது. கம்ப்யூட்டர் இசையின் முன்னோடி மேக்ஸ் மேத்யூஸின் பெயரைத் தாங்கியது. பிலிப் மனூரி 1988இல் பியானோவுக்கும் கம்ப்யூட்டருக்குமாக எழுதிய 'புளூட்டோன்' அதைப் பயன்படுத்திய முதல் படைப்பு. இங்கே ஒரு முரண் இருக்கிறது. மனூரி அப்போது செய்துகொண்டிருந்தது இம்ப்ரொவைசேஷனுக்கு நேர் எதிர்: பியானோக்காரர் காகிதத்தில் எழுதியதை வாசிப்பார், இயந்திரம் அந்த எழுத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்று கவனித்துப் பின்தொடரும். எழுதப்பட்ட பிரதிக்கு விசுவாசமாக இருப்பதற்காகப் பிறந்த கருவி, பிற்பாடு பிரதியே இல்லாதவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1990இல் அது விற்பனைக்கு வந்தது. 1996இல் பக்கெட் அதே எண்ணத்தில் ப்யூர் டேட்டா என்ற இலவச மென்பொருளை வெளியிட்டார். இன்றும் இலவசம்தான், பழைய லேப்டாப்பிலும் ஓடும். நம்ம ஆட்களுக்கு இது சாதாரண விஷயமல்ல.

இவற்றைத் திறந்தால் வெறும் திரை. சிறு பெட்டிகளை வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி இழுப்பதுபோல் கோடு இழுத்து, ஒலியின் பாதையை நீங்களே கட்ட வேண்டும். கை சும்மா இருந்தால் மௌனம். தாளம் கிடையாது, சுற்று கிடையாது, 120 கிடையாது. ஆக இதுதான் சுதந்திரம் என்று கொண்டாடுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்த வெறுமையை நிரப்பும் வேலை மேடையில் நடப்பதில்லை, வீட்டில் நடக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் போதே ஒலிப்பாதையில் ஒரு பெட்டியைச் சேர்த்தால், பாதை முழுவதையும் மென்பொருள் திரும்ப அடுக்கிக்கொள்கிறது. பல சமயம் 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். ஆகவே மேடையில் பெரும்பாலும் யாரும் கட்டுவதில்லை, கட்டி வைத்ததை வாசிக்கிறார்கள். ஆறு மாதம் வீட்டில் எடுத்த தீர்மானங்களின் மேல் ஒரு மணி நேரம் உலாவுகிறார்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை, வாத்தியம் செய்கிறவரும் அப்படித்தான். ஆனால் வாத்தியம் செய்கிறவரும் வாசிக்கிறவரும் ஒரே ஆளாகிவிட்டால் செய்வது முடிவதே இல்லை. எனக்குத் தெரிந்த மேக்ஸ்காரர்களில் பாதிப் பேர் வருஷக்கணக்காகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கச்சேரி? அடுத்த வருஷம்.

ஆம்ஸ்டர்டாமில் ஸ்டெய்ம் என்ற சிறு நிறுவனம் இருந்தது. 1969இல் தொடங்கியது, இப்போது இயங்குவதில்லை. அங்கே மிஷெல் வைஸ்விஸ் என்ற கலைஞர் இரு கைகளிலும் மாட்டிக்கொண்டு வாசிக்கிற 'கைகள்' என்ற கருவியை 1984இல் மேடையேற்றினார். கையின் சாய்வும் விரலும் இடைவெளியும் ஒலியாக மாறும். அவர் ஒரு கட்டத்தில், இனி இந்தக் கருவியில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, வாசிக்கக் கற்றுக்கொள்ளப்போகிறேன் என்று முடிவு செய்தார். கருவியை உறையவைத்துவிட்டுக் கையை வளர்த்தார். மேக்ஸ் தேர்ந்தெடுக்கிறவர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம் அது என்பேன். மென்பொருள் கைப்பழக்கத்துக்கு எதிரி. மாற்ற முடிகிறது என்பதாலேயே அது பழக விடுவதில்லை.

கட்டுவதையே மேடைக்குக் கொண்டுவந்துவிட்டால் என்ன என்று கேட்டவர்கள் புரோகிராம் எழுதி வாசிக்கிறவர்கள். 2004இல் ஹாம்பர்கில் கூடிய சிலர் ஆரம்பித்த டாப்லாப் என்ற குழுவின் முக்கியக் கோரிக்கை, வாசிக்கிறவர் தன் திரையைப் பார்வையாளருக்குக் காட்ட வேண்டும் என்பது. லேப்டாப் மூடியின் பின்னால் ஒளிந்துகொண்டு ஒருவர் உண்மையில் வாசிக்கிறாரா, கடிதம் பார்க்கிறாரா என்று தெரியாத நிலைமைக்கு அவர்கள் தந்த பதில் அது. ஜேம்ஸ் மெக்கார்ட்னியின் சூப்பர்கொலைடர் 1996இல் வந்தது, 2002இல் கட்டற்ற மென்பொருளானது. அதன் மூன்றாம் பதிப்பிலிருந்து ஒலி உண்டாக்கும் பகுதியும் கட்டளை எழுதும் பகுதியும் தனித்தனி. கட்டளைப் பகுதி திணறினாலும் ஒலி நிற்காது. மேடையில் இதன் அருமை புரியும். அலெக்ஸ் மெக்லீனின் டைடல் சைக்கிள்ஸ் அதன் மேல் உட்கார்ந்து ஓடுவது. கை சும்மா இருந்தால் கடைசியாக எழுதிய அமைப்பு சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த விஷயத்தில் லைவுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் இங்கே என்ன சுற்றுகிறது, ஏன் சுற்றுகிறது என்று கேட்கிறவரால் படிக்க முடிகிறது. அடுத்த வரி எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கிறார்கள். ஆசுகவி பாடுகிறவரின் முன்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டம் மாதிரி. வேகம் குறைவு, ஒரு வரியைத் தட்டி முடிக்கப் பத்து விநாடியாவது ஆகும். சட்டென்று பதில் சொல்லும் உரையாடலுக்கு இது ஆகாது. ஒரு எண்ணம் வடிவம் பெறுவதைக் காட்டுவதற்கு இதைவிட நல்லது இல்லை.

டைடலில் நேரத்தின் அலகு தட்டு அல்ல, சுற்று. ஒரு சுற்றுக்குள் எத்தனை அடி வேண்டுமானாலும் சமமாகப் பங்கிட்டு வைக்கலாம். மூன்றையும் ஏழையும் ஒரே சுற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாம். ஆவர்த்தனத்தில் வளர்ந்த காதுக்கு இது பழகிய வீடு மாதிரி இருப்பதை நான் தற்செயல் என்று நினைத்திருந்திருப்பேன், அதன் எழுத்துமுறைக்குப் பின்னால் போல் ப்ராசஸர் என்ற பழைய மென்பொருள் இருக்கிறது என்று படித்திராவிட்டால். 1980களின் தொடக்கத்தில் ஜிம் கிப்பன் என்ற இசை ஆய்வாளர் லக்னோவில் உஸ்தாத் ஆஃபாக் ஹுசேன் கானிடம் தபலா கற்றுக்கொண்டிருந்தார். பெர்னார்ட் பெல் என்ற கம்ப்யூட்டர் நிபுணரோடு சேர்ந்து, காய்தா என்ற வடிவத்தில் தபலாக்காரர்கள் சொற்கட்டுகளை எப்படிப் பெருக்கிக்கொண்டு போகிறார்கள் என்பதற்கு ஒரு இலக்கணம் எழுத முயன்றார். சின்ன ஆப்பிள் கம்ப்யூட்டரில் அந்த இலக்கணம் புதுப்புதுச் சொற்கட்டுகளை உண்டாக்கும். உஸ்தாத் கேட்டுவிட்டு இது சரி, இது ஆகாது என்பார். ஆகாது என்றால் இலக்கணம் திருத்தப்படும். இர்காமில் எழுதப்பட்ட பிரதி நீதிபதியாக இருந்தது. லக்னோவில் ஒரு மனிதரின் காது நீதிபதியாக இருந்தது. மென்பொருள் வரலாறு எழுதுகிறவர்கள் பாரிஸில் ஆரம்பித்து பெர்லினில் முடிப்பார்கள். லக்னோவுக்கு அதில் ஒரு வரி கிடைத்தால் பெரிது.

இந்த விடுபடலைப் பற்றியே பேசியவர் ஜார்ஜ் லூயிஸ். டிராம்போன் வாசிப்பவர், 1965இல் சிகாகோவில் கறுப்பினக் கலைஞர்கள் தொடங்கிய ஏ.ஏ.சி.எம். சங்கத்தைச் சேர்ந்தவர். 1996இல் எழுதிய கட்டுரையில், 1950க்குப் பிறகான இசையில் இரண்டு சிந்தனை மரபுகளைப் பிரித்துக் காட்டினார்: ஆப்ரோலாஜிகல், யூரோலாஜிகல். இவை தோல் நிறத்தைக் குறிப்பன அல்ல என்று தெளிவாகவே சொன்னார். இசையைப் பற்றி நினைக்கிற பழக்கங்களைக் குறிப்பவை. ஜான் கேஜ் மரபு இம்ப்ரொவைசேஷனைச் சந்தேகித்தது, வாசிக்கிறவரின் ஆளுமையை இசையிலிருந்து அகற்றப் பார்த்தது. பீபாப் வழி வந்த மரபிலோ தன் குரலை, தன் கதையைக் கண்டடைவதுதான் வாசிப்பு. முதல் மரபின் வரலாறு இரண்டாவதைப் பெயர் சொல்லாமலே தாண்டிச் சென்றது என்பது அவர் குற்றச்சாட்டு.

லூயிஸ் கோட்பாட்டோடு நிற்கவில்லை, மென்பொருளும் எழுதினார். ஸ்டெய்மில் 1986 முதல் 1988 வரை உருவான 'வாயேஜர்' அது. கை சும்மா இருந்தால் அது வாசிக்கும்! எதிரே யாரும் இல்லாவிட்டாலும் வாசிக்கும். யாராவது வாசித்தால் அதைக் கேட்கும். கேட்டதை ஏற்கலாம், எதிர்க்கலாம், கண்டுகொள்ளாமலும் போகலாம். உள்ளே ஒருவரையொருவர் சாராமல் இயங்கும் 64 'வாத்தியக்காரர்கள்' இருக்கிறார்கள். சில விநாடிகளுக்கொரு முறை அவர்கள் புதுக் கூட்டணி சேர்ந்துகொள்வார்கள். முக்கியமானது இது: மனிதர் மிதித்து அதை அடக்குவதற்கு ஒரு பெடல் கிடையாது. 'வேண்டாம், நிறுத்து' என்று சொல்ல ஒரு பட்டன் கிடையாது. மேடையில் இருக்கிற இருவரில் ஒருவர் எஜமான் அல்ல என்ற நிலைப்பாட்டை அவர் புரோகிராமாகவே எழுதிவிட்டார். ஒரு மென்பொருளை அரசியல் கட்டுரையாக வாசிக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

லைவும் வாயேஜரும் இரண்டுமே கை சும்மா இருந்தாலும் ஒலிப்பவைதான். ஆனால் ஒன்று திரும்பச் சொல்கிறது, இன்னொன்று அடுத்ததைச் சொல்கிறது. பின்னர் இர்காமில் உருவான ஓமேக்ஸ், எதிரே வாசிப்பவரின் வாசிப்பையே பதிந்து, அதில் திரும்ப வரும் துணுக்குகளைக் கண்டுபிடித்து, வேறு வரிசையில் கோத்து அவருக்கே திருப்பி வாசிக்கிறது. அதாவது உங்கள் நிழலோடு நீங்கள் வாசிக்கலாம். சுவாரஸ்யமான அனுபவம்தான். ஆனால் நிழலிடம் நமக்குத் தெரியாதது எதுவும் இருப்பதில்லை. இன்று செயற்கை நுண்ணறிவு என்ற பெயரில் வருகிற இசைக் கருவிகளை எடைபோடும்போதும் இதையே கேட்பேன்: இது எனக்கு எதிராளியா, நிழலா, இல்லை ஊரார் எல்லாருடைய நிழலுமா?

சில நடைமுறை விஷயங்கள். இவற்றைக் கோட்பாட்டுக்காரர்கள் பேசமாட்டார்கள், ஆனால் கச்சேரி இவற்றில்தான் கவிழ்கிறது.

கம்ப்யூட்டர் ஒலியைத் துளித்துளியாக அனுப்புவதில்லை, வாளியில் மொண்டு ஊற்றுகிறது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் ஓடும்போது, வாளிக்கு 256 மாதிரி என்று வைத்தால் ஒரு வாளி நிரம்ப 5.8 மில்லி விநாடி. 1024 என்று வைத்தால் 23 மில்லி விநாடி. உள்ளே வரும்போது ஒரு வாளி, வெளியே போகும்போது ஒன்று, ஆக மொத்தத் தாமதம் இதைவிடக் கூடும். இது அதிகமா? காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் வயலின் உங்களை வந்தடைய 6 மில்லி விநாடி பிடிக்கிறது. யாரும் அதைத் தாமதம் என்று சொல்வதில்லை. 23 மில்லி விநாடி என்றால் வயலின்காரர் ஏறத்தாழ 8 மீட்டருக்கு அப்பால், மண்டபத்தின் நடுவரிசையில் உட்கார்ந்து உங்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதாகக் கொள்ளுங்கள். நீண்ட ஒலிகளுக்குப் பரவாயில்லை, சொற்கட்டுக்கு ஆகாது. வாளியைச் சின்னதாக்கினால் பழைய லேப்டாப் மூச்சுத்திணறி ஒலி வெட்டுப்படும். உங்கள் கம்ப்யூட்டர் எந்த வாளியைத் தாங்கும் என்பதைப் பார்த்துவிட்டு அப்புறம் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எந்த விளம்பரமும் இந்த வரிசையில் சொல்லாது.

அடுத்தது மிடி. 1983இல் கம்பெனிகள் கூடி ஒப்புக்கொண்ட அந்தப் பொதுமொழியில் 128 ஸ்வரங்களுக்கு எண் உண்டு, பியானோ கட்டை மாதிரி. ஒரு கட்டைக்கும் இன்னொரு கட்டைக்கும் நடுவில் போவதை 'வளைவு' என்ற தனிச்செய்தியாக அனுப்ப வேண்டும். அந்த வளைவும் ஒரு தடத்தில் ஒலிக்கிற எல்லா ஸ்வரங்களையும் சேர்த்தே இழுக்கும். அதாவது ஸ்வரம் முதலில் நிலையாக இருக்கிறது, பிறகு விலகுகிறது என்பது அதன் தத்துவம். தோடியின் காந்தாரத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அங்கே அசைவு விலகல் அல்ல, அசைவுதான் ஸ்வரம். 2018இல் ஏற்கப்பட்ட எம்.பி.இ. என்ற நீட்சி, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தடம் கொடுத்து இதைக் கொஞ்சம் சரிசெய்தது. லைவ் 2021இல் அதை ஏற்றது, 2024இல் வந்த 12ஆவது பதிப்பில் வேறு சுருதி அமைப்புகளையும் ஏற்றது. இருந்தாலும் என் யோசனை, கமகம் வேண்டுகிறவர்கள் மிடியைச் சுற்றிக்கொண்டு போவதே: மைக்கில் வரும் குரலையோ வாத்தியத்தையோ நேராக மென்பொருளுக்குள் எடுத்து, அந்த ஒலியையே உருமாற்றுங்கள். அசைவு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

அப்படியென்றால் கடைசியில் எதைத்தான் எடுப்பது என்று விடாமல் கேட்பவர்களுக்கு: ஆடுகிற கூட்டத்துக்கு முன்னால், தனியாக என்றால் லைவ். பேச்சே வேண்டாம். இன்னொரு வாத்தியக்காரரோடு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசிக்க என்றால் நான் ப்யூர் டேட்டாவைத்தான் எடுக்கிறேன். ஒரு மைக், கடைசி எட்டு விநாடியைப் பிடித்து வைக்க ஒரு இடம், அதை நறுக்கவும் மெதுவாக்கவும் இரண்டு பெட்டி, ஒரு கால் பெடல், நாலு திருகுகள். பெடலிலிருந்து காலை எடுத்தால் மௌனம். இதற்குமேல் பெட்டி சேர்க்கக் கை துறுதுறுக்கும், சேர்ப்பதில்லை. கூட்டத்தோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறவர்கள், எழுத்தில் மோகம் உள்ளவர்கள், டைடலை முயன்று பார்க்கலாம், செலவு கிடையாது. வாயேஜர் கடையில் கிடைக்கிற பொருள் அல்ல. ஆனால் அதன் பதிவுகளைக் கேட்டுவிட்டு வந்து உங்கள் மென்பொருளைத் திறந்து பாருங்கள், அது எவ்வளவு அடக்கமான வேலைக்காரன் என்பது உறைக்கும்.

எதை எடுத்தாலும் மௌஸை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு இடத்தை மட்டும் தொடக்கூடிய, கண்ணைத் திரையிலேயே கட்டிப்போடுகிற சாமான் அது. பக்கத்தில் இருப்பவர் தலையசைத்து முடிக்கலாம் என்று சைகை காட்டும்போது நீங்கள் அம்புக்குறியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். திருகு உள்ள சின்னப் பெட்டி எதுவானாலும் சரி, பழையதாகவே கிடைக்கும். வாசிக்கும் முன் இணையத் தொடர்பை அணைத்துவிடுங்கள். கச்சேரிக்கு முந்தின வாரம் மென்பொருள் புதுப்பித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.